பதிலளித்தவர் எண் ஏழு

"இந்த வரியை ஒரு முடிதிருத்துறவர் சொன்னார்னு என்னை நம்பச் சொல்றீங்களா?" என்றார் தேர்வுக் குழுத் தலைவர்.

இணைப் பேராசிரியை நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பேராசிரியர் பதவிக்கான நேர்காணல். எதிரே ஐந்து பேர். மேஜைமேல் அவளுடைய பட்டியல்: சமூகவியலில் பதினெட்டு கட்டுரைகள், மற்ற ஆய்வுகளில் அவற்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள். அதில் முந்நூற்று நாற்பது ஒரே கட்டுரைக்கு. அதுவும் அந்த ஒற்றை வரிக்காக. மிச்சம் எழுபத்திரண்டில் பாதி, அவளே தன்னை மேற்கோள் காட்டிக்கொண்டது. அதை யாரும் நோண்டாமல் இருந்தால் சரி.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "'வேலை போனவன் சொந்த வீட்லயே விருந்தாளி. என்ன, எப்போ கிளம்புறீங்கன்னு வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க.' பதிலளித்தவர் எண் ஏழு, முடிதிருத்துபவர். அடேயப்பா! நாலு டிகிரி வாங்கினவன் மண்டையை உடைச்சுக்கிட்டாலும் வராதும்மா இது. நீங்களே எழுதிட்டு, யாரோ ஏழாம் எண் தலையில கட்டிட்டீங்க."

"சார், ஆறு மாசம் அவர் கடை பெஞ்சுல உக்காந்து குறிப்பெடுத்தேன்."

"அப்போ பேரைச் சொல்லுங்க."

"வெளியிட மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன் சார். அது ஆய்வு நெறி."

"நெறியாவது கிறியாவது! இல்லாத ஆளுக்கு ஏது ரகசியம்? நாளைக்கு ஆளைக் காட்டுங்க. இல்லைன்னா பதவி கிடக்கட்டும், அந்தக் கட்டுரையையே வாபஸ் வாங்க வெச்சிடுவேன்."

அந்தக் கட்டுரை போனால் அவள் பெயரும் கூடவே போகும். அடுத்த அரை மணியில் அவள் சலூனில் இருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "முந்நூத்தி நாப்பது பேரா? நான் சொன்னதையா? என் பொண்டாட்டி ஒரு தடவைகூடத் திருப்பிச் சொன்னதில்லையே டீச்சரம்மா!" கொஞ்ச நேரம் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். "அதுல எனக்கு என்ன பேரு?"

"ஏழு."

"பரவால்ல, ராசியான நம்பர்தான். அவரைக் கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன். அப்படியே முடியும் வெட்டி அனுப்பிடலாம்."

"வெட்ட ஒண்ணுமில்லண்ணே. சுத்த மைதானம்."

மறுநாள் காலை தன் காரிலேயே தலைவரை ஏற்றிக்கொண்டாள். எந்தத் தெரு என்று அவர் கேட்டதற்கு, "நேர்லயே பாருங்க சார்" என்றாள். வழியெல்லாம் அவர் ஆராய்ச்சியில் நேர்மை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். கடிகாரக் கடை முனையில் கார் திரும்பியபோது பாடம் பாதியில் நின்றது. சலூன் வாசலில் வண்டி நின்றதும் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"சரிம்மா, நம்பிட்டேன். வண்டியைத் திருப்புங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருஷ உழைப்பு! "நேத்து அஞ்சு பேருக்கு நடுவுல என்னைப் பித்தலாட்டக்காரின்னு சொல்லாத குறை. இன்னைக்குக் காருக்குள்ளயே நம்பிட்டா எப்படி? இறங்குங்க சார்."

"எனக்கு வேற வேலை இருக்கும்மா..."

"இறங்குங்க!"

இறங்கினார். உள்ளே நுழைந்தவர் கடைக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரை அதைவிட முக்கியமான ஆவணம் உலகத்தில் இல்லாததுபோல் படிக்க ஆரம்பித்தார். என்ன திமிர், ஒரு தொழிலாளியை முகம் கொடுத்துப் பார்க்கக்கூட மனசில்லை என்று அவள் பல்லைக் கடித்தாள்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. அந்த விருந்தாளி வரியை என்கிட்ட யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். இதே இடத்துல வெச்சு."

"கேட்டீங்களா சார்?"

"கேட்டேன், கேட்டேன். போகலாம்," என்றார் தலைவர் காலண்டரிடம்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கடைக்காரர் அதையும் கெடுத்தார். "ஆனா டீச்சரம்மா, மறைக்கக் கூடாது. அது என் சொந்தச் சரக்கு இல்ல."

"என்னண்ணே, இப்போ போய்..."

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு படிச்ச தம்பி. வேலை போயிடுச்சு. வீட்ல இருக்கவே பிடிக்காம ரெண்டு வருஷம் தினமும் இந்த பெஞ்சுலதான் உக்காந்திருப்பார். ஒருநாள் முடி வெட்டுறப்போ அவர் சொன்னது அது. சொல்லிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார், பாவம். அதான் எனக்கு மறக்கல."

"அவர் யாருண்ணே? பேரு ஞாபகம் இருக்கா?"

"பேரும் போச்சு, முகமும் போச்சு. நாங்க என்னைக்கும்மா முகத்தைப் பாத்தோம்? நாள் பூராப் பாக்குறது பின்மண்டையைத்தான். அதை எத்தனை வருஷம் ஆனாலும்..."

கடைக்காரரின் பேச்சு அப்படியே நின்றது. காலண்டர் முன்னால் பளபளத்துக்கொண்டிருந்த தலையின் பக்கம் மெதுவாக நடந்தார். இடது காதுக்குப் பின்னால் பிறை மாதிரி ஒரு தழும்பு. உற்றுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, தம்பி! நீங்களா? முடியெல்லாம் எங்கய்யா போச்சு?"

தலைவர் திரும்பினார். காது இரண்டும் சிவந்திருந்தன. அவளை ஓரமாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "கட்டுரை சரின்னு இன்னைக்கே எழுதிடுறேன்ம்மா. ஆனா, பதில் சொன்னவங்க பேரை உயிரே போனாலும் வெளியில விடக் கூடாது... அதுதான் ஆய்வு நெறி!"