ஒரு தரம்

புது டாக்டர் கணினித் திரையைத் திருப்பி லூர்தம்மாளிடம் காட்டினார். அவள் கணவர் சிலுவைப்பிச்சையின் கழுத்து அதில் குறுக்கே அரிந்த துண்டுபோலக் கறுப்பும் வெளுப்புமாகத் தெரிந்தது.

“ஸ்கேனை வச்சு கம்ப்யூட்டரே கணிச்சுச் சொல்லுதும்மா. இவர் ரெண்டு வருஷம் தாண்டுறதுக்கு நூத்துல முப்பத்தி நாலு பங்குதான் வாய்ப்பாம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை டாக்டர் ஏறிட்டும் பார்க்கவில்லை. தொண்டையில் புற்று வந்து, குழாய் போட்டு இருபது நாளாகப் பேச்சில்லை என்றால், காதும் இல்லை என்று நினைத்துவிட்டார் போல.

சிலுவைப்பிச்சைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் கடற்கரையில் மீன் ஏலம் கூறியவர் அவர். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எட்ட நின்று விலை சொல்கிறவன் எவ்வளவு பெரிய வியாபாரியானாலும் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். இந்தப் பெட்டி என்றைக்கு அவர் வாயைத் திறந்து பார்த்தது? இந்த ஆள்தான் பார்த்தாரா?

எழுந்தார். வாயை ஆவென்று பிளந்து டாக்டரின் முகத்துக்கு நேரே காட்டினார். குழாய் வழியாக மூச்சு சீறியது. பிறகு உள்ளங்கையை விரித்து, ஏலத்தில் பலகையைத் தட்டுவதுபோல, மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பேனாக்கள் உருண்டு விழுந்தன.

“என்னம்மா, என்ன சொல்றார்?” டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

லூர்தம்மாள் திரையைப் பார்க்கவில்லை.

“ஒரு தரம்னு சொல்லுதாவ,” என்றாள். “முப்பத்தி நாலு, ஒரு தரம்.”

சிலுவைப்பிச்சையின் கை மறுபடியும் உயர்ந்து, அதற்கு மேல் கூட்டிக் கேட்கப்போகும் ஆளுக்காக அந்தரத்தில் நின்றது.