சிறகைத் தூக்கி நின்ற காகம்

வேப்பமரத்துக் குட்டிக் காகம் கூட்டை விட்டு நகராமல் கைபேசியிலேயே பாடம் படித்து வந்தது. வகுப்பு நேரம் முழுவதும் அதன் மைக் அணைந்தே கிடக்கும்.

ஒருநாள் அடுத்த கிளையிலிருந்த அணில் குட்டிகளைக் குறிவைத்துப் பூனையொன்று ஏறியது. காகம் பதறிப்போய் ஒரு சிறகைத் தூக்கியபடி நின்றது.

“சிறகைத் தூக்கிக்கிட்டு என்னடா பண்றே? உன் கூட்டத்தைக் கூப்பிடு!” என்று அலறியது தாய் அணில்.

“பேசணும்னா சிறகைத் தூக்கணும் அக்கா. டீச்சர்தான் மைக்கைத் திறந்துவிடுவாங்க.”

“அதுக்குள்ள பூனை வாயைத் திறந்துடும். கத்துடா!”

காகம் கண்ணை மூடிக்கொண்டு கத்தியது. நாலாபக்கமிருந்தும் காகங்கள் பறந்து வந்து கொத்த, பூனை குதித்து ஓடியது. அதன் பிறகும் குட்டிக் காகம் நிறுத்தவில்லை. தன் குரல் இவ்வளவு கரகரப்பானது என்று அதற்கு அன்றுதான் தெரிந்தது. பிடித்தும் இருந்தது.