ஞாயிற்றுக்கிழமை வைப்பர்

வர்க்கிச்சன் காரின் பின்கண்ணாடி வைப்பர் மழைக்கு அசையாது. ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து மாட்டிறைச்சி வாங்கிக்கொண்டு திரும்பும்போது மட்டும், சுவிட்சைத் தொடாமலே ஆடும். மெக்கானிக் சஜீவன் பிடித்துக்கொடுத்த ஆள் ஒருவர் புதன்கிழமை வண்டியை விலைபேச வருகிறார். அதனால் இறைச்சிக்கடையிலிருந்து நேரே சஜீவனின் பட்டறைக்கு வந்துவிட்டார்.

"டிக்கியைத் தூக்கி அடைக்கிறப்ப மடிப்புல வயர் உரசும் அச்சாயா. வேற ஒண்ணுமில்ல."

சஜீவன் பொட்டலங்களை எடுத்து வெளியே வைத்தான். மடிப்பில் வயர் நன்றாகவே இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்தான். மோட்டார் அசையவில்லை.

"மோட்டார் கருகி வருஷமாச்சு. இது எப்படி ஆடும்? காலையிலேயே கள்ளுக்கடையா?"

"பூசைக்குப் போயிட்டு வர்றேன்டா!"

சஜீவன் சிரித்தபடி பொட்டலங்களைத் திரும்ப வைத்தான். ஒன்றில் இறைச்சி. மற்றொன்றில் எலும்பு.

"எலும்பு யாருக்கு? உங்க நாய் கைசர்தான் போன ஓணத்தப்பவே செத்துப்போச்சே?"

"கடைக்காரன் பழக்கத்துல கட்டிடறான். எனக்கும் வேணாம்னு சொல்ல வரல."

சஜீவன் டிக்கியை அடைத்தான். கழற்றிய வயரை அவன் இன்னும் மாட்டவில்லை. வைப்பர் ஆடத் தொடங்கியது. இடமும் வலமுமாக, நிற்காமல், வேகமாக ஆடியது.

சஜீவன் குனிந்து, கழன்று தொங்கிய வயரைப் பார்த்தான்.

"புதன்கிழமை வர்றவன்கிட்ட வண்டி விக்கிறதுக்கு இல்லேன்னு சொல்லிடு," என்றார் வர்க்கிச்சன், சாவியை வாங்கிக்கொண்டே. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

கார் கிளம்பியது. பின்கண்ணாடியின் உட்புறத்தில், மூக்கு வைத்தாற்போல் ஈரமாக ஒரு சின்ன வட்டம் படிந்திருந்தது. அதைச் சுற்றி ஆவி பரவியது, மறைந்தது, மறுபடி பரவியது.