நாணல் தூறு

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் காலை வெயில் விழுகிறது. மகளைப் பார்க்க நேற்று தொட்டியத்திலிருந்து வந்த வீரமலை, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். வேரோடு பெயர்த்த நாணல் தூறுகள் இரண்டு காலடியில் கிடக்கின்றன. அவற்றின் வெள்ளைப் பூவில் பனி இன்னும் காயவில்லை. வாழைக்கொல்லைக்குள் வந்துவிடாதபடி நாற்பது வருஷமாக அவர் வெட்டியெறிந்த புல் இது. மகள் மெச்சுவாள் என்று அவர் முகம் மலர்ந்திருக்கிறது. காப்பியோடு வந்த பவுனம்மாள் படியிலேயே நின்றுவிடுகிறாள்.

“அப்பா, அது நான் வச்சதுப்பா.”

“இதையா? எதுக்கும்மா?”

“அழகுக்குத்தான். கொள்ளிடக் கரையிலேருந்து கொண்டாந்து ரெண்டு வருஷமா தண்ணி ஊத்தினேன். இப்பதான் பூத்துச்சு.”

நாணலுக்குத் தண்ணியா என்று கேட்க வந்தவர், அவள் கண்ணைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைக்கிறார். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி ஓய்கிறது. வெட்டாமல் மிஞ்சிய ஒரு தூறு வெயிலில் வெள்ளையாகச் சாய்ந்து நிமிர்கிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு குனிந்து, கிடக்கும் தூறு ஒன்றை இரு கையாலும் தூக்கிக் குழிக்கு மேலே பிடிக்கிறார். ஆயிரக்கணக்கில் வாழைக்கன்று நட்ட கை அந்தரத்தில் தயங்குகிறது.

“எவ்வளவு ஆழத்துலம்மா வைக்கணும்?”