சின்னவளின் கடிகாரம்

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓர்ப்படிகள். ஒரே வீடு, ஒரே அலுவலகம். கணினித் திரைக்கு வேண்டிய பொத்தான், பெட்டி, கடிகாரம் எல்லாம் நிரலாக எழுதித் தருவது அவர்கள் வேலை. இருவருமே முள் கடிகாரம் எழுதியதில் மேனேஜர் சின்னவளுடையதை எடுத்துக்கொண்டார்.

"வீட்டுல அத்தைக்கு இவ மடிச்ச துணிதான் அழகு. இங்கயுமா?" பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

வாடிக்கையாளர்கள் வரும் நாள் காலை, சின்னவள் எழுந்துபோன நேரம் பார்த்து, அவள் எழுதியதில் ஒரு வரியைப் பெரியவள் அழித்தாள். நொடிக்கொரு தரம் முள்ளை நகரச் சொல்லும் வரி அது. அது இல்லாவிட்டால் முள் அசையாது.

கூட்ட அறையின் பெரிய திரையில் கடிகாரம் வந்தது. முள் நகர்ந்தது.

"என்ன அழகா ஓடுது பாருங்க!" என்றார் மேனேஜர்.

பெரியவள் உற்றுப் பார்த்தாள். அவள் மூச்சை இழுத்தால் முள் ஒரு கோடு நகர்ந்தது, விட்டால் இன்னொரு கோடு. ஆத்திரத்தில் மூச்சு வாங்க வாங்க முள்ளும் விரைந்தது. சட்டென்று மூச்சை அடக்கினாள். முள் நின்றது.

"என்னம்மா இது, மானத்த வாங்குது?"

மேனேஜர் முகம் சுண்டியதைப் பார்த்துப் பெரியவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. போதும் என்று வாயைத் திறந்தாள். காற்று உள்ளே வரவில்லை.

"ஒண்ணுமில்ல சார்," என்ற சின்னவள், பக்கத்தில் திரும்பாமலே குரலைத் தாழ்த்தினாள். "பதறாதீங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

மவுஸைப் பிடித்து முள்ளை ஒரே ஒரு கோடு தள்ளினாள். பெரியவளின் நெஞ்சு ஒருமுறை ஏறியது.