காற்று போகும் இடம்

அக்கா மின்விசிறியை நிறுத்திவிட்டு, காரின் குழாய்களுக்குள் புகையைச் செலுத்தினாள்.

காற்று எங்கே கசிகிறது என்று கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடாதபோது, புகையைத்தான் கேட்க வேண்டும். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற சாமான். திணிக்கிற வழியில் எங்கேயாவது கசிந்தால் போதும், காருக்கு மூச்சு வாங்கும்.

இதற்கும் வாங்கியது. டிராக்கின் வளைவுகளில் எல்லாம் சமர்த்தாக வந்துவிட்டு, நீண்ட நேர்ப்பாதையில், மற்ற கார்கள் சீறிக்கொண்டு போகிற இடத்தில், இது மட்டும் சோர்ந்து போனது. தம்பி காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் அவள் பானெட்டைத் திறந்துவிட்டாள்.

நாளைக்குப் பந்தயம். பெரிய அணி ஒன்றிலிருந்து ஆள் வருகிறார். தம்பி ஓட்டுவதைப் பார்க்கத்தான் வருகிறார். ஆனால் பானெட்டையும் திறந்து பார்ப்பார் என்று கேள்வி. எடைக்குப் போட வேண்டிய வண்டியை இப்படி மாற்றியது யார் என்று நிச்சயம் கேட்பார்.

அந்த ஒரு கேள்விக்காக அவள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை இந்த ஷெட்டில் தொலைத்திருக்கிறாள். கல்யாண வீடுகளுக்குக்கூட நகக்கண்ணில் கிரீஸோடுதான் போயிருக்கிறாள்.

முதலில் மெதுவாக விட்டாள். எங்கும் ஒன்றும் வரவில்லை. அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக மதிய வெயில் கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே தெருவில் போன வண்டிச் சத்தம் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பது போல் கேட்டது.

அப்போது வந்தது.

தடித்த ரப்பர் குழாய் ஒன்றின் கழுத்திலிருந்து, நூல் மாதிரி. அவசரமே இல்லாமல் மேலே ஏறி, வெயிலுக்குள் புகுந்து, அங்கேயே சுருண்டு படுத்துக்கொண்டது. பின்னாலேயே இன்னும் வந்தது. ஷெட் மெல்ல மெல்ல வெளுத்தது. நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் தளர்ந்திருந்தது. அடச்சே, இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எந்த ஸ்க்ரூவை முடுக்கி முடித்தாலும் அதன் தலைக்குக் குறுக்கே நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு இழுத்துவிடுவது அவள் பழக்கம். ஸ்க்ரூ அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே முறிந்திருந்தது. பக்கத்திலேயே ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய புதுக் கீறல். அதிர்வில் தானாகக் கழன்றது இல்லை. யாரோ பொறுமையாகத் திருப்பியிருக்கிறார்கள்.

எவன் பார்த்த வேலை இது? கோபம் தலைக்கு ஏறியது. ஷெட் சாவி இரண்டே பேரிடம்தான் இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை. தம்பியிடம் சொல்லப் பானெட்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.

திறந்த கதவுக்குள், டிரைவர் சீட்டில், அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பந்தயத்துக்கு முதல் நாள் மனசுக்குள்ளேயே டிராக்கைச் சுற்றி வருவான். கை ஸ்டியரிங்கைத் திருப்பும், கால் மிதிக்கும், கார் நின்ற இடத்தில் நிற்கும். பெட்ரோல் செலவில்லாத ஓட்டம் என்று அவள் கிண்டல் செய்வாள்.

பாதிச் சுற்றில் கூப்பிட மனமில்லை. புகைக்குள் காரும் மெதுவாக மிதப்பது போலிருந்தது. எந்த வளைவில் போகிறான் என்று அவன் கையைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. கூடவே போனாள். இடது, வலது, மறுபடி இடது.

நேர்ப்பாதை வந்தது. அவன் கால் அழுந்தியது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பாதி தூரத்திலேயே காலை எடுத்துவிட்டான்.

மனசுக்குள் ஓடுகிற காரில் கசிவு ஏது? அங்கே டர்போவின் முழு பலமும் இருக்குமே. அவன் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. மூடிய இமைகள் துடித்தன.

போன பந்தயத்தில் அந்த இடத்தில்தான் முன்னால் போன கார் உருண்டது. இவன் மயிரிழையில் தப்பினான். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தான். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். எடை குறைந்தால் கார் வேகமாகப் போகும் இல்லையா என்றான். கெட்டிக்காரன் என்று அவள் தட்டிக்கொடுத்தாள். எவ்வளவு முட்டாள் அவள். ஷெட்டின் இன்னொரு சாவி இவனிடம்தான் இருக்கிறது.

அவன் கண்ணைத் திறந்தான்.

"என்னக்கா, எங்க லீக்குன்னு தெரிஞ்சுதா?"

"லீக் இல்லடா. டர்போவே போச்சு. நாளைக்கு ஓட்ட முடியாது."

சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். இனி அந்தப் பானெட்டை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

ஐயோ என்றான். தலையில் கையை வைத்துக்கொண்டான். ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினான். நன்றாகத்தான் வருத்தப்பட்டான்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் புகை கலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மெதுவாக, அவள் முகத்தைப் பார்க்காமல், பசிக்குதுக்கா என்றான்.