பச்சை விளக்கு

“இன்னும் தூக்கம் தெளியலையா உங்க தங்கப்புள்ளைக்கு?” என்று சிரிக்கிறார் பெரியவர். அவர் கையிலிருப்பது, பார்வையில்லாதவர்களுக்கு மாத்திரை நேரத்தை ஒலியால் சொல்லும் பெட்டி. ஒரு வருஷமாக அதைச் சோதித்துக் கொடுத்தவர் என்பதால் முதல் பெட்டி அவருக்கு. அதைக் காதோடு அணைத்துக்கொண்டு காத்திருக்கிறார். எதிரே அதை உருவாக்கிய பொறியாளன் உட்கார்ந்திருக்கிறான். ஜன்னல் வெயிலில் பெட்டியின் பச்சை விளக்கு எரிகிறது. அது விழித்து ஒரு நிமிடமாகிறது. விழித்ததும் ‘டிங்’ என்று ஒலிக்க வேண்டும். பெரியவரே ஒரு மத்தியானம் தம்ளரைக் கரண்டியால் தட்டிப் பதிவு செய்து கொடுத்த ஒலி அது. பெட்டிக்கான இயங்குதளத்தைக் கட்டமைத்தபோது சிப்பில் இடம் போதவில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று பட்டியலில் இறங்கிக்கொண்டே வந்தவன், ‘தொடக்க ஒலி’ என்ற வரிக்கு முன்னிருந்த தேர்வுக் குறியை எடுத்துவிட்டான். விளக்குதான் இருக்கிறதே என்று நினைத்தான். யாருக்கு விளக்கு என்று அன்றைக்குத் தோன்றவில்லை. இதே இயங்குதளத்தோடு முந்நூறு பெட்டிகள் காலையில் வண்டியேறிவிட்டன. பெரியவர் குழந்தையை எழுப்புவதுபோல மூடியை விரலால் மெல்லத் தட்டுகிறார். மறுபடி காதில் வைக்கிறார். பச்சை வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுகிறது.

“ஒண்ணும் அவசரமில்ல தம்பி. ஆன் ஆனதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.”